பிள்ளைக்கு இசைத் தேர்வு: கிரேடு, மதிப்பெண், சான்றிதழ், நடுவில் பெற்றோரின் வேலை

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் பிள்ளையைக் கீபோர்டு வகுப்பிலோ கிடார் வகுப்பிலோ சேர்த்துச் சில மாதம் ஆனதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "இந்த செஷனுக்கு எக்ஸாம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவும்." யார் நடத்தும் தேர்வு, எந்த கிரேடு, நேரிலா வீடியோவிலா, தேர்ச்சி பெற்றால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருக்காது. பலரும் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் விசாரிக்கிறார்கள்.

இந்தத் தேர்வுகளில் பிள்ளை தேர்வாளர் முன் இருப்பது கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். மற்றதெல்லாம் வீட்டில் நடப்பது: படிவம், தேதி, புத்தகம், கருவி, பயணம், சாதக நேரம். பிள்ளைக்கு வாசிப்பு நன்றாக வந்தும் காரியம் கெடுவது இந்த வெளிவேலையில் கோட்டை விடுவதால்தான். வெளிவேலையை விட்டுவிட்டு உள்வேலையில் கை வைக்கும் பெற்றோராலும் கெடுகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று தெரிய, தேர்வு எப்படி அமைந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தத் தேர்வு என்று முதலில் கேளுங்கள்

"மியூசிக் எக்ஸாம்" என்ற ஒரே பேரில் நம் பக்கம் நான்கு வேறு வேறு சங்கதிகள் புழங்குகின்றன.

1. "லண்டன் எக்ஸாம்" என்று சொல்லப்படும் கிரேடு தேர்வுகள். ட்ரினிட்டி காலேஜ் லண்டன் 1877-இலிருந்து இசைத் தேர்வு நடத்துகிறது. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்பது பிரிட்டனின் அரச இசைக் கல்லூரிகளின் கூட்டு வாரியம், 1889-இல் தொடங்கியது. ராக், பாப் இசைக்கென்று வந்த ராக்ஸ்கூல் 1991-இல் பிறந்தது. பியானோ, கீபோர்டு, கிடார், வயலின், டிரம்ஸ், மேற்கத்திய வாய்ப்பாட்டு எல்லாம் இந்த வழியில் வரும். கொங்குப் பக்கம் அதிகம் காதில் விழும் பெயர் ட்ரினிட்டி.

2. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகள். ஓவியம், தையல் வரிசையில் இந்திய இசையும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு படி.

3. படிப்போடு சேர்ந்த தேர்வுகள். மலுமிச்சம்பட்டியில் உள்ள கோவை அரசு இசைக் கல்லூரி, ஈரோடு, கரூர், சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் ஆகியவற்றில் சேர்ந்து படித்து எழுதுபவை. இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கத்தோடு நாகசுரம், தவில், தேவாரமும் சொல்லித்தருகிறார்கள்.

4. அகாடமி தானே நடத்தித் தானே சான்றிதழ் கொடுக்கும் தேர்வு. இதுவும் "கிரேடு 1" என்றே அழைக்கப்படுவதால்தான் பெரிய குழப்பம். பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்க இது போதும். ஆனால் அந்த வகுப்பறைக்கு வெளியே அதற்கு மதிப்பு எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: "சர்ட்டிபிகேட்ல யார் கையெழுத்துப் போடுவாங்க, சார்?" பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

கீழே வருவதில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. பெற்றோர் அதிகம் தடுமாறுவதும் அதிகம் செலவழிப்பதும் அங்கேதான்.

கிரேடு வேறு, பள்ளி வகுப்பு வேறு

இனிஷியல் என்ற தொடக்க நிலை. அதற்கு மேல் 1 முதல் 8 வரை. எட்டு என்றதும் எட்டு வருஷம், வருஷத்துக்கு ஒன்று, ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்தது என்று பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுவிடுகிறோம். விதி அப்படி இல்லை. ட்ரினிட்டியில் எந்த கிரேடுக்கும் முந்தைய கிரேடு கட்டாயம் இல்லை. பிள்ளைக்கு அந்தத் தரம் வந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னால் நேராக 3-க்கே போகலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மிலும் 5 வரை அப்படித்தான். ஆனால் 6, 7, 8-க்குப் போக, 5-ஆம் கிரேடு தியரி (இசை இலக்கணத் தேர்வு) அல்லது அதற்கு ஈடாக வாரியம் ஏற்கும் தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டும். எட்டாவது படிக்கும்போது இது தெரியவந்து, பத்தாவது படிக்கும்போது தியரிக்கு ஓடும் வீடுகள் உண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். வழியில் தொலைதூரம் போக நினைத்தால் தியரியை 3-ஆம் கிரேடு சமயத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

கட்டாயம் இல்லாத கிரேடுகளை விட்டுவிடலாம் என்பதில் பணம் மிச்சமாவது சிறிய லாபம்தான். பெரிய லாபம் வேறு. ஒரு கிரேடுக்குத் தேர்வில் வாசிக்க வேண்டிய உருப்படிகள் (பீஸ்) மூன்றோ நான்கோதான். ஒவ்வொரு வருஷமும் தேர்வு என்று வைத்தால், அந்த மூன்றையே பத்து மாதம் அரைத்து, முடிந்ததும் அடுத்த கிரேடின் மூன்றுக்குத் தாவும் பழக்கம் வந்துவிடும். 5-ஆம் கிரேடு சான்றிதழ் கையில் இருக்கும், கல்யாண வீட்டில் யாராவது "ஒண்ணு வாசி கண்ணு" என்றால் வாசிக்க எதுவும் இருக்காது. 1, 3, 5 என்று விட்டு விட்டுப் போய், நடு வருஷத்தில் பத்துப் பதினைந்து உருப்படிகளை நிதானமாகக் கற்கும் பிள்ளைக்கு இசை கையில் நிற்கிறது. என் பார்வையில், வருடாவருடம் தேர்வுக்கு அனுப்பும் பள்ளியைவிட, "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லத் துணியும் ஆசிரியர் மேல்.

100 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது

ட்ரினிட்டியின் நேர்முகத் தேர்வை (தேர்வாளர் முன் நேரில் வாசிப்பதை) எடுத்துக்கொள்வோம்.

மூன்று உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 22. ஸ்கேல் (சுர வரிசை), ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது), பயிற்சிகள் அடங்கிய டெக்னிக்கல் வொர்க் 14. துணைத் தேர்வுகள் இரண்டு, தலா 10. மொத்தம் 100. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87.

ஒவ்வொரு உருப்படியின் 22-ம் மூன்றாகப் பிரிகிறது:

1. எழுதியிருப்பதைத் தப்பில்லாமல், தடங்கல் இல்லாமல் வாசித்தல்: 7
2. கருவியின் மேல் உள்ள கட்டுப்பாடு, ஒலியின் தரம்: 7
3. பாவம், நடை, கேட்பவருக்குப் போய்ச் சேர்தல்: 8

முடிவு வந்ததும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் புலம்பலுக்கு இங்கே விடை இருக்கிறது: "ஏனுங்க மிஸ், பையன் ஒரு தப்புக்கூட விடலீங்க, அப்பறம் ஏன் மெரிட்டோட நின்னுபோச்சு?" தப்பு விடாமல் வாசித்ததற்குக் கிடைப்பது 22-இல் அந்த 7 மட்டும். எல்லாச் சுரமும் சரியாக, ஆனால் ஒரே சத்தத்தில், டைப் அடிப்பதுபோல் வாசித்தால் மற்ற 15-இலும் அங்கங்கே போய்விடும். இசை தெரியாத பெற்றோர் காதுக்கு எட்டுவது முதல் பகுதிதான், அது இயல்பு. சிக்கல் என்னவென்றால் வீட்டில் கண்காணிக்கப்படுவதும் அது மட்டும்தான். "தப்பு, தப்பு, முதல்லருந்து வாசி" என்று நிறுத்தி நிறுத்தி வளர்க்கப்பட்ட பிள்ளை, தேர்வறையில் விரல் ஒன்று வழுக்கினாலும் தானாகவே நிறுத்திவிட்டு முதலுக்குப் போகும். தடங்கல் இல்லாமல் போவதற்கான மதிப்பெண்ணும் அங்கே போகிறது.

கூட்டிப் பார்ப்போம். உருப்படிகளில் 18, 17, 18, டெக்னிக்கல் 10, துணைத் தேர்வுகள் 5, 7. கூட்டினால் 75, மெரிட்டின் வாசல். டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் மொத்தத்தில் இழக்கலாம் என்று இருப்பது 13. இந்தப் பிள்ளை துணைத் தேர்வுகளில் மட்டுமே 8-ஐ விட்டுவிட்டது. வகுப்புகளில் கடைசி இரண்டு வாரத்துக்கு ஒதுக்கப்படும் பகுதியும் அதுவே.

துணைத் தேர்வு என்பது என்ன? 5-ஆம் கிரேடு வரை நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்: முன்பின் பார்க்காத இசைக் குறிப்பை வாசிப்பது, கேட்டுப் பதில் சொல்வது, மனோதர்மமாக வாசிப்பது, வாசிக்கும் உருப்படி பற்றிய வாய்மொழிக் கேள்விகள். பார்த்து வாசிப்பதற்குத் தரும் ஆயத்த நேரம் அரை நிமிடம். எந்த இரண்டு என்று ஆசிரியர் முடிவு செய்வார். ஆனால் எது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்மொழிக் கேள்வி என்றால் ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இசைச் சொற்களோடு, "ஹேண்ட்ஸ் டுகெதர்", "வென் யூ ஆர் ரெடி", "விச் பீஸ் ஃபர்ஸ்ட்" என்பது மாதிரிச் சில தொடர்களைக் காதுக்குப் பழக்கிவிட்டால் போதும். வாசிக்கத் தெரியாமல் முழிப்பதும், கேட்டது புரியாமல் முழிப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் கணக்கு 150-க்கு. தேர்ச்சி 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்து வாசித்தலுக்கு 21, கேட்டுப் பதில் சொல்வதற்கு 18. "எங்க பாப்பா 118, உங்க பையன் 80 தானா?" என்று இரண்டு வாரிய மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. சதவீதமாக்கினால் அந்த 118, 80-க்குக் கீழேதான் வருகிறது.

நேரிலா, வீடியோவிலா

கொரோனா காலத்துக்குப் பின் இரண்டு வாரியங்களிலும் வீடியோ வழி நிலைத்துவிட்டது. சான்றிதழின் தகுதி நிலை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் சோதிக்கப்படுவது ஒன்றல்ல. ட்ரினிட்டியின் டிஜிட்டல் முறையில் உருப்படி மட்டும் வாசிக்கும் பிரிவு ஒன்று உண்டு: நான்கு உருப்படிகள் தலா 22, ஒட்டுமொத்த நிகழ்த்தலுக்கு 12. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடிலும் நான்கு உருப்படி தலா 30, மொத்த நிகழ்த்தலுக்கு 30. பார்த்து வாசித்தலும் கேட்டுப் பதில் சொல்வதும் இரண்டிலும் கிடையாது. கூச்சம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வாசல். எல்லா கிரேடையும் இதே வழியில் தாண்டினால், 5 முடித்த பிள்ளை புதிதாக ஒரு பக்கக் குறிப்பை வைத்ததும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை வரும். ஒரு கிரேடு வீடியோ, அடுத்தது நேர் என்று மாற்றிப் போவது தேவலை.

வீடியோ என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் கொங்கு நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்து பார்க்க வேண்டும். விதி சொல்வது, இசை நிகழ்வு இடைவெட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும், துண்டு துண்டாக எடுத்து ஒட்டக் கூடாது. மூன்றாவது உருப்படியில் குக்கர் விசில் அடித்தால் முதலிலிருந்து. பங்குனியில் ஈரோட்டிலும் சுற்று வட்டாரத்திலும் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டால், அப்புறம் ராத்திரி மேளமும் பகலில் மைக் செட்டும் இல்லாத நேரம் தேட வேண்டும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. பக்கத்து விசைத்தறிக் கூடத்தின் சத்தம் சும்மா இரைச்சல் என்றால்கூடப் பரவாயில்லை; அதற்கென்று ஒரு சீரான வேகம் இருக்கிறது. பிள்ளை தன்னை அறியாமல் அந்த வேகத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லை எதிர்த்துத் தடுமாறும். அம்மாயி வீட்டுத் தோட்டத்துக்குப் போய் எடுக்கலாம் என்று கிளம்பினால் அங்கே மயில் அகவும்.

பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை:

1. செல்போனை ஏரோபிளேன் மோடில் போடுவது. நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும்.
2. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் எந்த நாள் என்று பார்ப்பது. கீபோர்டுக்கும் டிஜிட்டல் பியானோவுக்கும் கரன்ட் வேண்டும்.
3. போனின் இரைச்சல் குறைப்பு வசதியை அணைப்பது. நீண்டு ஒலிக்கும் சுரத்தை இரைச்சல் என்று எண்ணி அது விழுங்கிவிடும். கேட்கும்போது பிள்ளை சுரத்தைப் பாதியில் விட்டதுபோல இருக்கும்.
4. முகம், கை, கருவி மூன்றும் முழு நேரமும் கேமராவில் தெரிவது. இசைப் புத்தகத் தாங்கி கையை மறைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.
5. நல்ல பதிவு ஒன்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்வது.

ஐந்தாவதுதான் கஷ்டம். நேர்முகத் தேர்வில் ஒரு வாய்ப்பு, முடிந்தது. வீடியோவில் "இன்னும் ஒரு தடவை, இன்னும் நல்லா வரும்" என்று சாயங்காலம் வரை இழுக்க முடியும். களைத்த விரலின் பதிவு முதல் பதிவைவிட மோசமாகத்தான் வரும். காலையில் இத்தனை முறைதான் என்று பேசி வைத்துக்கொண்டு, எதை அனுப்புவது என்பதை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

பெற்றோரே பார்க்க வேண்டிய காரியங்கள்

*பெயர்.* படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்கோ இனிஷியல்தான். பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டு ஒரு மாதிரி. அகாடமி அலுவலகத்தில் யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வது சான்றிதழில் அப்படியே அச்சாகும். சமர்ப்பிப்பதற்கு முன் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள். அப்புறம் திருத்த வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும், பணம் கட்டவும் நேரலாம்.

*எந்தக் கருவி என்ற பதிவு.* ட்ரினிட்டியில் பியானோ வேறு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு பாடத்திட்டம். கீபோர்டுத் தேர்வில் இடது கை கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்க, பின்னணித் தாளம் தானாக ஓடும். நடுவில் கருவியின் ஒலி வகையையும் தாள பாணியையும் மாற்ற வேண்டும். பியானோவில் இரண்டு கைகளும் தனித்தனியாக உழைக்க வேண்டும், சாவியின் (கீ) கனமே வேறு. வீட்டில் 61 சாவிக் கீபோர்டை வைத்துக்கொண்டு பியானோ கிரேடுக்குப் பதிவு செய்த பிள்ளை, தேர்வு மையத்தில் உண்மையான பியானோவின் முன் உட்கார்ந்ததும் விரல் அழுத்தம் போதாமல் திணறும். பியானோ என்று முடிவானால், எடையுள்ள 88 சாவிக் கருவியில் சாதகத்துக்கு ஏற்பாடு செய்யாமல் பதிவு செய்வது வீண். வாங்க வசதி இல்லை என்றால் இசைப் பள்ளியிலோ பழக்கமுள்ள தேவாலயத்திலோ கடைசி மாதம் வாரம் இரண்டு நாள் கேட்டுப் பார்க்கலாம்.

*புத்தகம்.* தேர்வறையில் அச்சிட்ட அசல் புத்தகமோ முறையாக வாங்கிய பதிவிறக்கமோ இருக்க வேண்டும். காந்திபுரத்தில் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் குத்திய பிரதி செல்லாது. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறும். அண்ணன் வைத்திருந்த பழைய புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுக்கும் முன் அதன் காலம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

*பக்கவாத்தியம்.* வயலின், புல்லாங்குழல் பிள்ளைகளுக்குப் பியானோத் துணை தேவைப்படும். சிறு கிரேடுகளில் பதிவு செய்த பின்னணிக்கு ட்ரினிட்டி இடம் தருகிறது. மேலே போகப் போக ஆள் தேட வேண்டும், நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் குறைவு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு தேடாதீர்கள். குறைந்தது மூன்று ஒத்திகையாவது சேர்ந்து வாசிக்காமல் அறைக்குள் போவது இரண்டு பேருக்கும் தண்டனை.

*தேதி.* நேர்முகத் தேர்வு பெரும்பாலும் கோவைக்குத்தான் வரவழைக்கும். தாராபுரம், காங்கேயம், கோபியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் மேம்பாலம் திறந்தபின் நிலைமை தேவலை, ஆனால் இறங்கும் இடத்தில் நெரிசல் இல்லாமல் இல்லை. பள்ளி அரையாண்டுத் தேர்வோடும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வோடும் மோதும் செஷனுக்குப் பதிவு செய்யாதீர்கள். கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது.

*சிறப்பு ஏற்பாடு.* எழுத்துக்கூட்டுவதில் சிரமம், பார்வை அல்லது செவிக் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பார்த்து வாசிப்பதில் கூடுதல் நேரம், பெரிய அச்சு போன்ற சலுகைகள் இரண்டு வாரியங்களிலும் உண்டு. பதிவு செய்யும்போதே ஆவணத்தோடு கேட்க வேண்டும், அன்றைக்கு அறை வாசலில் கேட்டால் நடக்காது. இதைக் கேட்டால் சான்றிதழில் குறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கேட்காமல் விடுகிறார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் ஏற்பாடு இல்லை இது, தேர்வு எழுதும் முறையை மாற்றித் தருவது. தாராளமாகக் கேளுங்கள்.

பெற்றோர் கை வைக்கக் கூடாத இடம்

அறைக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. பக்கவாத்தியம் வாசிப்பவரும், தேவைப்பட்டால் தாள் புரட்டுபவரும் மட்டும் உரிய நேரத்துக்கு உள்ளே போகலாம். ட்ரினிட்டியில் இனிஷியலுக்கு 11 நிமிடம், 8-ஆம் கிரேடுக்கு 28 நிமிடம். பிள்ளை தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் வீட்டு ஏற்பாடு முழுவதும் அந்தத் தனிமைக்கான தயாரிப்பாக இருக்க வேண்டும்.

இசை தெரியாத அப்பா, அம்மா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒத்திகை. பக்கத்து வீட்டு அக்காவையோ பெரியப்பாவையோ கூப்பிட்டு உட்கார வைத்து, முகத்தில் சிரிப்பு இல்லாமல் ஒரு தாளில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். தேர்வாளர் பிள்ளை வாசிக்கும்போதே கருத்து எழுதுவார். பேனா ஓடினால் தப்புப் பண்ணிவிட்டோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் அடுத்த நான்கு தாளக் கட்டங்களைக் கெடுக்கும். வீட்டில் இரண்டு முறை இந்த நாடகம் நடந்தால் போதும், பேனாவுக்குப் பயம் போய்விடும். ஒத்திகையில் எவ்வளவு தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது என்பது ஒரே விதி.

சாதக நேரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதும் பெற்றோர் வேலை. அந்த இருபது நிமிடம் டிவி ஓடாமல், விருந்தாளி வந்தால் "ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்று இழுக்காமல். என்ன வாசிக்க வேண்டும், எந்த வேகம், எந்த விரல் என்பதெல்லாம் ஆசிரியர் பாடு. யூடியூபில் வேறொருவர் வேகமாக வாசிப்பதைக் காட்டி "இப்படி வாசி" என்பதால் வரும் தொல்லையைத் திருத்த ஆசிரியருக்கு ஒரு மாதம் ஆகிறது.

சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது

வதந்தி அதிகம் உலவும் பகுதி இது. வரிசையாகப் பார்ப்போம்.

1. பொறியியல் கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கையில் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு, இசைக்கு இல்லை. எந்த கிரேடு இருந்தாலும் கட்-ஆஃபில் ஒரு புள்ளிகூட ஏறாது.

2. சென்னை ஐ.ஐ.டி. 2025–26 முதல் கலைத் திறனுக்கென்று ஒவ்வொரு இளநிலைப் பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்களை அறிவித்தது, ஒன்று மாணவியருக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். அங்கே எடை போடப்படுவது தேசிய விருது, மத்திய அரசின் இளங்கலைஞர் உதவித்தொகை, அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் கிரேடு போன்றவை.

3. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள். 6, 7, 8-ஆம் கிரேடுகளுக்கு அங்குள்ள யூகாஸ் என்ற பல்கலைக்கழகச் சேர்க்கை முறையில் புள்ளி உண்டு. 8-ஆம் கிரேடு செய்முறைத் தேர்வில் டிஸ்டிங்ஷனுக்கு 30. ஒப்பிட, அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் ஒரு பாடத்தின் உச்ச கிரேடுக்கு 56. புள்ளியைக் கணக்கில் எடுப்பதா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

4. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் வேலை. இந்தப் பாதையில் லண்டன் கிரேடைவிட உதவுவது அரசின் ஹையர் தேர்வும் அதனோடு சேர்ந்த ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், அல்லது இசைப் பட்டம். மகளுக்கு அந்த எண்ணம் இருந்தால் லோயரிலிருந்தே இந்த வழியில் போகட்டும்.

5. உதவித்தொகை. மத்திய கலாசார வளங்கள், பயிற்சி மையத்தின் திறனறித் திட்டம் 10 முதல் 14 வயதினருக்கானது. ஆண்டுக்கு 3,600 ரூபாயும், குருவுக்கான கட்டணமும் ஒரு வரம்பு வரை. தொகை சிறிது, ஆனால் பெயர் பெரிது. 14 வயது தாண்டினால் வாசல் மூடிவிடும் என்பதால், கர்நாடக இசையோ நாட்டுப்புறக் கலையோ கற்கும் பிள்ளையின் பெற்றோர் இதை ஆறாம் வகுப்பிலேயே விசாரிப்பது நல்லது.

6. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-இலிருந்து நடக்கும் கலைத் திருவிழாவில் பள்ளி அளவிலிருந்து மாநிலம் வரை மேடை இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை, கிரேடும் கேட்கப்படுவதில்லை.

கிரேடே இல்லாத இசையும் நம் பக்கம் உண்டு. வள்ளி கும்மிக்கு எந்த வாரியமும் தேர்வு வைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அடி பழகி, கோயில் திடலில் அரங்கேற்றம் செய்கிறார்கள். அந்தக் கலைக்காகக் கோவை மாவட்டத்தின் எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ வந்தது. கிரேடு தேர்வுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும், தேர்வு என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளைக்கும் இசையில் வேறு வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

முடிவு வந்தபின்

சான்றிதழோடு ஒரு மதிப்பீட்டுத் தாளும் வரும். எல்லாரும் மொத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். 78 எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு உருப்படிகளில் 60, மற்றதில் 18. இன்னொருத்திக்கு உருப்படிகளில் 50, மற்றதில் 28. முதல் பிள்ளைக்கு வாசிப்பு இருக்கிறது, குறிப்பைப் படிக்கும் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. அடுத்த கிரேடுக்குப் போகும் முன் ஆறு மாதம் எளிய துண்டுகளைப் பார்த்து வாசிக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, மேடை இல்லை. நாலு பேர் முன்னால் வாசிக்கும் வாய்ப்புத்தான் மருந்து. ஒரே மதிப்பெண், இரண்டு வேறு பாடத்திட்டம்.

முறையீடு செய்ய இரண்டு வாரியங்களிலும் வழி உண்டு. கால வரம்பு குறுகியது, முடிவு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். தேர்வு நடந்த விதத்தில் கோளாறு, பாடத்திட்டம் மாற்றிக் கேட்டது, கூட்டலில் பிழை என்றால் ஆசிரியர் மூலம் உடனே எழுதுங்கள். 86 வந்து ஒரு மதிப்பெண்ணில் டிஸ்டிங்ஷன் போனது என்பது காரணமாகாது. வகுப்பு மாறினால் புது ஆசிரியர் கையில் சான்றிதழுக்குப் பதில் இந்த மதிப்பீட்டுத் தாளைக் கொடுங்கள், முதல் மாதப் பாடத்தை அதை வைத்துத்தான் போடுவார்.